தீவைப் பற்றிக் கேட்ட பெண்

லண்டனுக்கு வந்து இறங்கிய முதல் கிழமை, சாமான் வாங்கப் போன கடையில் மிதுஷாவின் மகள் ஜெனிலா வாசலில் நின்றுவிட்டாள். நாலு வயதுப் பிள்ளை. வாசலில் கறுப்பு உடுப்புப் போட்ட காவலாளி ஒருவர் நின்றார். பிள்ளை அவரை அண்ணாந்து பார்த்து, கையைத் தூக்கி, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், "சேர், நாங்கள் வெளியில போகலாமா?" என்று கேட்டாள். அந்த மனிதர் சிரித்தார். வரிசையில் நின்ற ஒரு பெண்ணும் சிரித்தாள். மிதுஷாவுக்கும் அவள் புருசன் கிளின்ரனுக்கும் சிரிப்பு வரவில்லை. காவலாளி தலையாட்டும் வரை அவர்களும் பைகளைத் தூக்கிக்கொண்டு காத்துத்தான் நின்றார்கள்.

அவர்கள் மன்னார் பேசாலை ஆட்கள். கிளின்ரன் கடலுக்குப் போகிறவன். அவனுடைய தமையனை யாரோ வந்து விசாரணைக்கென்று கூட்டிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. பிறகு அதே மாதிரி ஆட்கள் கிளின்ரனைக் கேட்டும் வந்தார்கள். அவனும் மிதுஷாவும் கைக்குழந்தையோடு இந்தியாவுக்கு ஓடினார்கள். அங்கிருந்து கனடாவுக்கென்று புறப்பட்ட ஒரு மீன்பிடி வள்ளத்தில் ஏறினார்கள். நடுச் சமுத்திரத்தில் வள்ளத்துக்குள் தண்ணீர் ஏறியது. செத்தோம் என்று நினைத்த நேரம் ஒரு பிரித்தானியக் கப்பல் கண்டு, அவர்களை டியேகோ கார்சியா என்ற தீவில் கொண்டுபோய் இறக்கியது.

அந்தப் பெயரை அதற்கு முதல் அவர்கள் கேட்டதே இல்லை. வரைபடத்தில் பேனாவால் குத்திய புள்ளி மாதிரி ஒரு தீவு. ஆனால் அந்தப் புள்ளியை விட்டுக்கொடுக்க ஒருவருக்கும் மனமில்லை. பிரித்தானியா அதை வைத்திருந்தது. அமெரிக்கா தன் குண்டு விமானங்களையும் கப்பல்களையும் அங்கே நிறுத்தியிருந்தது. மொறிசியஸ் அது தங்களுடையது என்று உலக நீதிமன்றங்கள் எல்லாம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு பெரிய ஆட்களின் இழுபறிக்கு நடுவில், தென்னைகளுக்குக் கீழே, கம்பி வேலிக்குள், கூடாரத்தில் மிதுஷா மூன்று வருடத்துக்கு மேல் இருந்தாள். கூடாரத்துக்குள் எலி ஓடும். மழைக்குப் படுக்கை நனையும். வேலிக்கு வெளியே ஒரு அடி வைப்பதென்றாலும் காவலாளி கூட வர வேண்டும். ஜெனிலா நடக்கப் பழகியதும் கதைக்கப் பழகியதும் அங்கேதான்.

பிறகு ஒரு மார்கழி மாதம் அவர்களை விமானத்தில் ஏற்றி லண்டனுக்குக் கொண்டுவந்தார்கள். கொஞ்சக் காலம் விடுதி, அதன் பிறகு கிழக்கு லண்டனில் பிளேஸ்டோவில் ஒரு வீட்டின் மேல்மாடி அறை. கீழே ஹம்சினி என்ற யாழ்ப்பாணத்துப் பிள்ளை இருந்தாள். முதியோர் இல்லத்தில் ஷிப்ட் வேலை. அவள்தான் ஜெனிலாவைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க உதவினாள்.

இங்கே இருக்கலாமா இல்லையா என்ற முடிவு மட்டும் வரவில்லை. அவர்களுடைய வழக்கைப் பார்த்த லோயர் ஒரு நாள் மொழிபெயர்ப்பாளர் மூலம், "வழக்கு முடியும்வரை முகாமைப் பற்றி வெளி ஆட்களோடு கதைக்காமல் இருப்பது நல்லது" என்று சொன்னார். சாதாரணமாகச் சொன்ன புத்தி அது. கிளின்ரன் அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டான். தீவு என்ற சொல்லே வீட்டில் வரக்கூடாது என்றான். தெருப்பக்க யன்னலின் திரையை இழுத்து விட்டவன் பிறகு அதைத் திறக்கவே இல்லை. பகல் முழுக்க அறையில் மின்விளக்கு எரிந்தது.

அந்த வைகாசியில்தான் செய்தி வந்தது. தீவை மொறிசியசிடம் கொடுக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்துவிட்டார்களாம். ஆனால் இராணுவத் தளம் அப்படியே இருக்குமாம். கிளின்ரன் தொலைபேசியில் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தான்.

"தீவையே கை மாத்திப் போட்டாங்கள். எங்களை என்ன செய்வாங்கள் மிது?"

"எங்களுக்கும் அதுக்கும் இனி என்ன?"

"எங்கட பெயர் அந்தத் தீவோடதானே கிடக்கு. எங்களையும் சேர்த்துக் குடுத்தாங்களோ தெரியேல்ல."

மிதுஷா அவனை ஏசினாள். ஆனால் அந்த எண்ணம் அவளை விட்டுப் போகவில்லை. அந்த நாட்களில்தான் அவள் அந்தப் பெண்ணை முதன்முதலில் கண்டாள்.

பள்ளிக்கூட வேலிக்கு உட்புறம், மஞ்சள் மேற்சட்டை போட்டுக்கொண்டு ஒருத்தி நின்றாள். ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். கறுத்த முகம், நரைத்த சுருள் முடி. பிள்ளைகள் எல்லாம் தாய் தகப்பனிடம் ஓடி வரும் அந்த அமளியில் அவள் வேறு எவரையும் பார்க்கவில்லை. மிதுஷாவையே பார்த்தாள். முகாமில் காவலாளிகளும் மஞ்சள் மேற்சட்டைதான் போடுவார்கள். மிதுஷா பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு விறுவிறு என்று நடந்தாள். திரும்பிப் பார்த்தபோது அந்தப் பெண் கேற்றடிக்கு வந்து நின்று அவர்கள் போன திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு நாள் கழித்து பஸ் தரிப்பில் கண்டாள். மஞ்சள் மேற்சட்டை இல்லை. மிதுஷாவை நோக்கி வந்தவள், ஏதோ சொல்ல வாய் எடுத்து, சொல்லாமல் நின்றாள். மிதுஷா வந்த பஸ்ஸில், அது எங்கே போகும் பஸ் என்றும் பாராமல், ஏறிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சில், பூசையில், மூன்று வரிசை பின்னால் அதே முகம். பூசை முடிய முதலே மிதுஷா எழும்பி வந்துவிட்டாள்.

கிளின்ரனுக்கு அவள் சொல்லவில்லை. சொன்னால் அவன் தாங்கமாட்டான் என்று தெரியும். ஹம்சினியிடம் மட்டும் சொன்னாள்.

"அக்கா, லண்டனில ஆயிரம் சனம் ஆயிரம் பேரைப் பார்க்கும். அவ ஸ்கூலில வேலை செய்யிற மனுசியா இருக்கும். சும்மா பயப்பிடாதேங்கோ."

"சேர்ச்சிலயும் நிண்டவ."

"அவவும் வேதக்காரியா இருப்பா."

அந்தச் சமாதானம் ஒரு நாள்கூட நிற்கவில்லை. மறுநாள் பின்னேரம் ஜெனிலா சோறு சாப்பிட்டபடி ஏதோ ஒரு பாட்டை முணுமுணுத்தாள். தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை.

"ஆர் சொல்லித் தந்தது?" என்று கேட்டாள் மிதுஷா.

"மஞ்சள் சட்டை அன்ரி. அவவுக்கு எங்கட தீவு தெரியுமாம். அங்க பெரிய நண்டு இன்னும் தென்னையில ஏறுதோ எண்டு கேட்டவ. நான் ஓம் எண்டனான்."

கட்டிலில் இருந்த கிளின்ரன் எழும்பி வந்தான். பிள்ளையின் முன்னால் குந்தி இருந்தான்.

"வேற என்ன கேட்டவ?"

"நீங்கள் எந்தப் பக்கம் இருந்தனீங்கள் எண்டு. கோயில் பார்த்தனீங்களோ எண்டு. அம்மா அப்பா கதைப்பினமோ எண்டு."

கிளின்ரன் மிதுஷாவைத் திரும்பிப் பார்த்தான். யார் கேட்டாலும் சொல்லக்கூடாது என்று தாங்கள் பொத்திப் பொத்தி வைத்ததை, யாரோ தங்கள் பிள்ளையின் வாயிலிருந்து கிண்டி எடுக்கிறார்கள். அதுவும் இந்தச் செய்தி வந்த கையோடு. மொறிசியஸ் ஆளா? கொழும்பு ஆளா? உள்துறைக்காரர் வைத்த ஆளா? அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மிதுஷாவுக்கு ஒவ்வொன்றும் உண்மை போலவே பட்டது. பஸ் தரிப்பையும் பூசையையும் அப்போதுதான் சொன்னாள். அவன் அவளை ஏசவில்லை. அறைக் கதவின் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்து இருந்தான்.

"பிள்ளை இனி பள்ளிக்கூடம் போகவேண்டாம்" என்றான்.

அடுத்த நாள் போகவில்லை. அதற்கடுத்த நாளும் போகவில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து தொலைபேசி அடித்தது, எடுக்கவில்லை. மிதுஷா கடைக்குப் போவதையும் விட்டாள். ஹம்சினி வேலைக்குப் போகமுதல் பாலும் பாணும் வாங்கி மாடிப்படியில் வைத்துவிட்டுப் போனாள். விளக்கு வெளிச்சத்தில் எது காலை எது மத்தியானம் என்று தெரியவில்லை. தெருவில் கார்க் கதவு ஒன்று சாத்துப்பட்டால் கிளின்ரன் விறைத்துப் போவான். "இஞ்சருங்கோ, அது பக்கத்து வீடு" என்று மிதுஷா சொல்வாள். சொல்லும்போது அவள் குரலே அவளுக்குப் பிடிபடாது.

வெள்ளிக்கிழமை முற்பகல் கீழ்க்கதவை யாரோ தட்டினார்கள். ஹம்சினி வேலைக்குப் போய்விட்டாள். இரண்டாம் முறை பலமாகத் தட்டினார்கள். ஆணொருவரின் குரல் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னது. அதில் ஜெனிலாவின் முழுப்பெயர் வந்தது. கிளின்ரன் ஓடிப்போய் விளக்கை நிறுத்தினான். இருட்டில் மிதுஷா பிள்ளையின் வாயைப் பொத்தக் கையை நீட்டினாள். பிள்ளை அங்கே இல்லை.

கையால் கட்டிலைத் தடவிப் பார்த்தாள். பிறகு கண் பழகியபோது கண்டாள். ஜெனிலா மேசைக்குக் கீழே, முழங்காலைக் கட்டிக்கொண்டு, சுவரோடு ஒட்டி இருந்தாள். முகாமில் பெரியவர்கள் சண்டை பிடித்துச் சத்தம் கூடினால் தாய்மார் பிள்ளைகளைக் கூடாரத்து மூலைக்குத் தள்ளி இருத்துவார்கள். அதே இருப்பு. அழவில்லை. வாயைத் திறந்து மெல்ல மூச்சு விட்டாள், மூக்கால் விட்டால் சத்தம் கேட்கும் என்று. அதை யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. தாயின் முகத்தைப் பார்த்து, தான் சரியாகத்தான் செய்கிறேனா என்று கேட்பது போல் தலையை ஒருமுறை ஆட்டினாள்.

தட்டியவர் கடிதப் பெட்டிக்குள் ஏதோ போட்டுவிட்டுப் போனார். பிள்ளை ஏன் வரவில்லை என்று கேட்டுப் பள்ளிக்கூடம் அனுப்பிய தாள்தான் அது. ஹம்சினி வந்து வாசித்துச் சொன்னாள். கிளின்ரனுக்கு அது ஆறுதலாக இருந்தது. மிதுஷாவுக்கு இருக்கவில்லை. மேசைக்குக் கீழே இருந்து வெளியே வரச்சொல்லி அவள் மூன்று முறை கூப்பிட்ட பிறகுதான் பிள்ளை வந்தாள்.

"திங்கட்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போறன்" என்றாள் புருசனிடம்.

"அந்த மனுசி நிண்டா?"

"நிண்டா நேர கேக்கிறன், ஆர் நீ எண்டு."

"கேட்டா சொல்லுவாளோ?"

"சொல்லாட்டிலும் கேக்கிறன். இதுக்குள்ள இனி இருக்க ஏலாது."

திங்கட்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கேற்றடிக்குப் போனாள். மஞ்சள் மேற்சட்டைக்காரி நின்றாள். ஜெனிலாவைக் கண்டதும் அந்த முகத்தில் சிரிப்பு வந்தது. பின்னால் தாயைக் கண்டதும் அணைந்தது. மிதுஷா பிள்ளையை ஆசிரியையிடம் விட்டுவிட்டு, நேரே அவளிடம் போனாள். வழி முழுக்கப் பாடமாக்கி வந்த ஆங்கிலம் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தது.

"நீ யார்? ஏன் என் பிள்ளையிடம் தீவைப் பற்றிக் கேட்கிறாய்? உன்னை யார் அனுப்பினது?"

அந்தப் பெண் அலுவலகப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். அவளும் பயப்படுகிறாள் என்று மிதுஷா அப்போதுதான் கண்டாள். மேற்சட்டையைக் கழற்றிச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மிதுஷாவைத் தெருவோரச் சுவரடிக்குக் கூட்டிப்போனாள். அவளுடைய ஆங்கிலமும் மிதுஷாவினதைப் போல் உடைந்ததுதான்.

"யாரும் அனுப்பவில்லை. நான் அங்கே பிறந்தவள்."

"அங்கே யாரும் பிறக்க முடியாது. அது இராணுவத் தளம்."

"தளம் வர முதல் அது ஊர்."

அவள் பெயர் ஜோசியான். சுவரில் சாய்ந்துகொண்டு, மணியடிக்கும் நேரத்தைப் பார்த்துப் பார்த்து, அவசரமாகச் சொன்னாள். தகப்பன் தீவின் கிழக்குப் பக்கத் தென்னந்தோட்டத்தில் வேலை செய்தவர். அவள் கைக்குழந்தையாக இருக்கும்போதே செத்து, அங்கேயே அடக்கம் பண்ணப்பட்டவர். அவளுக்கு நாலு வயதாக இருக்கும்போது தளம் கட்டவேண்டும், எல்லாரும் போங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வளர்த்த நாய்களை எல்லாம் கொன்றார்கள். ஒரு பெட்டியோடு கப்பலில் ஏற்றி மொறிசியசில் இறக்கினார்கள். தாய் அங்கே ஒரு தகரக் கொட்டிலில் இருந்து, தீவுக்குத் திரும்பிப் போவோம் போவோம் என்று சொல்லியே கண்ணை மூடினாள். ஜோசியான் இங்கிலாந்துக்கு வந்து, விமான நிலையத்தில் கூட்டித் துடைத்து, இப்போது பிளேஸ்டோவில் மகனுடன் இருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் காலையும் பின்னேரமும் கேற்றடியிலும், மத்தியானம் சாப்பாட்டு நேரத்திலும் பிள்ளைகளைப் பார்க்கும் வேலை. ஒரு நாள் ஒரு சின்னப் பிள்ளை சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு, தன் வீட்டில் நண்டு தென்னையில் ஏறும் என்று சொல்லியது. எந்த ஊர் என்று கேட்டாள். பிள்ளை பெயரைச் சொன்னது.

"அன்று என் கையிலிருந்த தண்ணீர்க் குவளை விழுந்து உடைந்தது" என்றாள். "என் தாய் பாடிய தீவுப் பாட்டைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தேன். உன்னோடு கதைக்க எத்தனை முறை வந்தேன். நீ ஓடினாய்."

ஜோசியான் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"கிழக்குப் பக்கம் பார்த்தாயா? எங்கள் வேதக் கோயில் நிற்கிறதா? பக்கத்தில் சவக்காலை. கல்லறைகளைத் துப்புரவாக்கி வைத்திருக்கிறார்களா?"

"நான் பார்க்கவில்லை."

"மூன்று வருடம் இருந்தாயே!"

"வேலிக்குள் இருந்தேன். கிழக்கு எங்கே என்றே எனக்குத் தெரியாது."

ஜோசியான் கையை விட்டாள். அவள் முகம் இறுகியது.

"நான் ஐம்பது வருடமாகக் கேட்கிறேன். சிலரைக் கொண்டுபோய்ச் சில நாள் காட்டினார்கள். என் முறை வரவேயில்லை. அந்த மண்ணில் ஒரு இரவு படுக்க எனக்கு விடவில்லை. உனக்கு மூன்று வருடம் கொடுத்தார்கள். நீ ஒன்றுமே பார்க்கவில்லையா?"

மிதுஷாவுக்குக் கோபம் வந்தது. இவ்வளவு நாள் பயந்து பயந்து உள்ளே அடைத்து வைத்த கோபம்.

"எடுத்துக்கொள்" என்றாள். "முழு மூன்று வருடத்தையும் எடுத்துக்கொள். எலி கடித்ததையும் எடுத்துக்கொள். பக்கத்துக் கூடாரத்துப் பெடியன் சாகப் பார்த்ததையும் எடுத்துக்கொள். எனக்கு வேண்டாம்."

மணி அடித்தது. ஜோசியான் மேற்சட்டையை விரித்து உதறிப் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து நடந்ததை எல்லாம் சொன்னாள் மிதுஷா. கிளின்ரன் நம்பவில்லை. ஆள் பிடிக்கிறவர்கள் இப்படித்தான் அழுத கதை சொல்லுவார்கள் என்றான். ஹம்சினிதான் தொலைபேசியில் தேடி, அந்தத் தீவிலிருந்து சனங்களைக் கிளப்பியது நடந்த கதைதான் என்று படங்களையும் காட்டினாள். கப்பல் தளத்தில் பெட்டிகளுக்கு நடுவே குந்தியிருக்கும் சனம். கிளின்ரன் அந்தப் படத்தைப் பெரிதாக்கி, முகங்களைக் கன நேரம் பார்த்தான். "எங்கட வள்ளம் மாதிரிக் கிடக்கு" என்றான். அந்தக் கிழமை முழுக்க ஜெனிலா பள்ளிக்கூடம் போனாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மிதுஷா எழும்பி ஓடவில்லை. ஜோசியான் வந்து பக்கத்தில் நின்று, "நான் அப்படிக் கதைத்திருக்கக்கூடாது" என்றாள். "வீட்டுக்கு வாங்கோ" என்று மிதுஷா தமிழிலேயே சொல்லிவிட்டாள். ஜோசியானுக்கு விளங்கியது.

அன்று மத்தியானம் அந்த அறைக்கு முதன்முதலில் ஒரு வெளியாள் வந்தாள். கிளின்ரன் கதிரையைக் கொடுத்துவிட்டு, கதவோரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். தேத்தண்ணியையும் நின்றபடியே குடித்தான். ஜோசியான் பிள்ளைக்கு ஒரு விளையாட்டுக் காட்டினாள், பிள்ளை சிரித்தாள். புறப்பட எழும்பியபோது கிளின்ரன் திடீரென்று சொன்னான்.

"கிழக்குப் பக்கத்தை நான் கண்டனான்."

இரண்டு பெண்களும் அவனைப் பார்த்தார்கள். சொல்லத் தொடங்கியவன் நிறுத்தவில்லை. மிதுஷா தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"எங்களைத் தீவின்ர களப்புக் கடலுக்குள்ள கொண்டு வரேக்க எல்லாரும் மயங்கிக் கிடந்தவை. நான் கடல்காரன், கரை கண்டா படுத்திருக்க ஏலாது. எழும்பிப் பார்த்தனான். இடக்கைப் பக்கம் தூரத்தில நீட்டுக்குக் கரை. வெள்ளை மணல், அதுக்கு மேல தென்னை. ஒரு இடத்தில கடலுக்குள்ள நீட்டின மாதிரி ஒரு பழைய துறை. அதுக்குப் பின்னால மரங்களுக்கிடையில வெள்ளையா என்னவோ நிண்டது."

"கோயிலா?" என்றாள் ஜோசியான்.

"தெரியாது. கோயிலாவும் இருக்கும், வேற கட்டிடமாவும் இருக்கும். கனதூரம். பொய் சொல்லக்கூடாது. ஆனா துறை உண்மை. அதைப் பார்த்துத்தான் இது சனம் இருந்த இடம், எங்களைச் சாக விடமாட்டினம் எண்டு நினைச்சனான்."

ஜோசியான் கதிரையில் திரும்ப இருந்தாள். துறையின் எந்தப் பக்கம் அந்த வெள்ளை நின்றது என்று கேட்டாள். வலப்பக்கம் என்றான். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். அவன் சொன்னான். மூன்றாம் முறையும் சொன்னான். மேசையில் விரலால் கரையை வளைத்துக் காட்டினான். அவள் அழவில்லை, அவன் விரல் போன வழியே தன் விரலையும் கொண்டுபோனாள்.

இரண்டு மாதம் கழித்து உள்துறையிலிருந்து நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரவேண்டாம் என்று லோயர் சொன்னார். ஹம்சினிக்கு அன்று ஷிப்ட். பிறந்த நாள் முதல் ஜெனிலாவை அவர்கள் எவர் வீட்டிலும் விட்டதில்லை. ஜோசியான் வீட்டு வாசலில் மிதுஷா பிள்ளையின் கையை விட்டு, திரும்பி வந்து இன்னொரு முறை பிடித்து, பிறகுதான் விட்டாள். காத்திருக்கும் அறையில் ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் அவன் எழும்பி நின்றான். ஒவ்வொரு முறையும் அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினாள். உள்ளே, தமையனை எப்போது கொண்டுபோனார்கள் என்று கேட்டபோது அவனுக்கு வாய் குழறியது. தண்ணீர் கொடுத்தார்கள். மிதுஷாவிடம், திருப்பி அனுப்பினால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறாய் என்று கேட்டார்கள். அவள் சொல்லத் தொடங்கி, சொல்லி முடிக்க வெகு நேரமானது.

முடிவு வர இலைகள் எல்லாம் கொட்டிவிட்டன. லோயர் தொலைபேசியில் சொன்னார்: இருக்க அனுமதி கிடைத்துவிட்டது. கிளின்ரன் மொழிபெயர்ப்பாளரை இன்னொருமுறை கேட்டுச் சொல்லச் சொன்னான். பிறகு கட்டிலில் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். அவன் தோள் குலுங்குவதை மிதுஷா கண்டாள். அனுமதி சில வருடங்களுக்குத்தான் என்றும் லோயர் சொல்லியிருந்தார்; அது முடிய என்ன நடக்கும் என்ற கேள்வி அப்போதே அவளுக்குள் வந்துவிட்டது. அதை அவனிடம் கேட்கவில்லை.

ஜோசியானுக்குத் தொலைபேசி எடுத்துச் சொன்னாள்.

"கடவுளுக்கு நன்றி" என்றாள் ஜோசியான். உண்மையான சந்தோசம் அந்தக் குரலில் இருந்தது. பிறகு அது தாழ்ந்தது. "அப்போ நீ இனி ஒருநாளும் அங்கே போகத் தேவையில்லை" என்றாள்.

ஒப்பந்தம் வந்தாலும் தளம் இருக்கும் தீவில் சனம் குடியேற விடமாட்டார்களாம் என்று போன கிழமைதான் ஜோசியான் சொல்லியிருந்தாள். மிதுஷா தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"பின்னேரம் மகனையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்" என்றாள். "மீன் காய்ச்சுகிறேன்."